இத்தாலித் தம்பி

வென்னப்புவைப் பக்கம் போனால் இத்தாலிக்காரர்களுக்குக் குறைவில்லை. முகப்பில் வெள்ளைத் தூண் வைத்த மாடி வீடுகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஹட்டன் பக்கம் அப்படியில்லை. இங்கே வெளிநாடு என்றால் சவூதி, கட்டார், குவைத். ஆகவே தோட்டத்துப் பையன் ஒருவன் இத்தாலிக்கு, அதுவும் வேலைக்கல்ல, படிக்கப் போய்விட்டான் என்றால் அவனுடைய சொந்தப் பெயர் அன்றோடு போயிற்று. பிறகு அவர் மேட்டு லயத்து இத்தாலித் தம்பி. ‘அவன்’ ‘அவர்’ ஆவதற்கு ஒரு விமான டிக்கெட் போதும்.

தம்பி இருப்பது மெஸ்ஸினாவில். சிசிலித் தீவின் வடகிழக்கு மூலை, கடலோர ஊர். லயத்தில் கேட்டால் ரோமுக்குக் கிட்ட என்பார். டிக்கோயாக்காரர் கொழும்பில் நின்றுகொண்டு ‘நுவரெலியா’ என்பாரே, அதே கணக்கு. அங்குள்ள பல்கலைக்கழகம் 1548இல் தொடங்கியது. இந்த ஆண்டை அவர் சொல்லாத நாள் இல்லை. “அப்ப இந்த மலையில தேயிலையே இல்ல” என்பார், அத்திவாரம் வெட்டிய கொந்தராத்தே தன்னுடையதுபோல.

ஏப்ரல் லீவுக்கு வந்தால் கண்ணில் கறுப்புக் கண்ணாடி. பின்னேரம் பனிமூட்டம் இறங்கி, எதிரே வருவது மாடா கணக்கப்பிள்ளையா என்று தெரியாத நேரத்திலும் அது கழலாது. இத்தாலி பாஷை பேசுவார் என்று காத்திருந்தவர்களுக்குத்தான் ஏமாற்றம். அங்கே போய் தம்பி முதலில் பழகிய பாஷை யாழ்ப்பாணத் தமிழ். காரணம் கறிவேப்பிலை. மிளகாய்த்தூள், கறிவேப்பிலை என்று எது வேண்டுமானாலும் தம்பி ரயிலேறிப் பலேர்மோவுக்குத்தான் போவார். அங்கே யாழ்ப்பாணத்தார் பல வருடமாகக் குடியிருக்கிறார்கள். மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்குகையில் இருக்கும் சாந்தா ரொசாலியாவைக் கும்பிட வேதக்காரரோடு சைவக்காரரும் மலையேறுகிறார்கள். தம்பியும் ஏறினார். “தம்பி ஊரில எவடம்?” “நுவரெலியா.” “நல்ல இடம். நாங்கள் ஸ்கூல் ட்ரிப்பில வந்தனாங்கள்.” விசாரணை அத்தோடு முடிந்தது. தோட்டத்தின் பெயரைச் சொல்ல வாய்ப்பு வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம். வீட்டுக்கு வந்து “ஓமோம், பேந்து கதைப்பம்” என்றதும் அம்மா திகைத்துப்போனார். “என்னாடா, ஒங்க சயன்ஸ் சேர் மாதிரி பேசுற?”

மெஸ்ஸினாவில் தம்பிக்கு ஒரு பிரசங்க மேடை உண்டு. கடையில் தேத்தண்ணி கேட்டால் ஒரு கோப்பை சுடுதண்ணி, நூல் கட்டிய பை ஒன்று, எலுமிச்சைத் துண்டு ஒன்று தருவார்களாம். அதைக் கண்டதும் தம்பிக்கு ரோசம் பொங்கிவிடும். மேசையைச் சுற்றி ஆள் சேர்த்து, இரண்டு இலை ஒரு மொட்டு என்று விரலால் கிள்ளிக் காட்டி, 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் நட்டதிலிருந்து ஆரம்பிப்பார். இங்கே இருந்த காலத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். லயத்துக்கு வந்தாலோ தேத்தண்ணி வேண்டாம், கோப்பிதான் வேண்டும். அதிலும் ஒரு சட்டம்: “பதினொரு மணிக்குப் பிறகு அங்க பால் கோப்பி குடிக்கமாட்டாங்கம்மா.” அம்மா சொன்னார்: “பயப்படாத. பால்மா முடிஞ்சு மூணு நாளாகுது.”

காலைச் சாப்பாட்டுக்கு கிரனீத்தா என்று கோப்பி போட்டு உறையவைத்த ஐஸைப் பன்னில் தொட்டுச் சாப்பிடுவார்கள் என்றபோது லயமே சிரித்தது. பேராலயக் கோபுரத்தில் 1933இல் வைத்த பொறிமணிக்கூட்டில் பகல் பன்னிரண்டுக்குச் சிங்கம் கர்ஜிக்கும், பிறகு சேவல் கூவும் என்றார். “சிங்கம் கத்துனா சாப்பிட வுட்டுருவாங்களா?” என்று கேட்டார் பக்கத்துக் காம்பரா மாமா. ஸ்டோர்ச் சங்குக்கு வாழ்ந்தவருக்கு அதுதான் கேள்வி.

அப்பாயியை மட்டும் தம்பியால் மலைக்கவைக்க முடியவில்லை. மெஸ்ஸினாவுக்கு வரும் ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலுக்குள் ஏற்றிக் கடல் கடத்துவார்கள் என்று கையால் அபிநயம் பிடித்துச் சொன்னார். அப்பாயி அசையவில்லை. 1914இலிருந்து 1964 புயல்வரை தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் ஓடிய கப்பலில் சின்னப்பிள்ளையாக ஊருக்குப் போய்வந்தவர் அவர். “நாங்க ரயில்ல எறங்கி, மூட்டையைத் தூக்கிக்கிட்டு, நடந்து கப்பல் ஏறினோம். ஒங்காளுக எறங்கக்கூட மாட்டாங்களா? சோம்பேறிங்க!”

திருவிழாக் கூட்டத்தில்தான் தம்பி உச்சத்துக்குப் போனார். மெஸ்ஸினாவில் ஓகஸ்ட் 15ஆம் திகதி மாதாவுக்கு ‘வாரா’ என்றொரு தேர், நாற்பது அடிக்கு மேல் உயரம், சக்கரமே கிடையாது. தெருவெல்லாம் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலோடு நூற்றுக்கணக்கான பேர் வடம்பிடித்துச் சறுக்கி இழுப்பார்கள். நம் மாரியம்மன் தேருக்கும் அப்படிச் செய்தாலென்ன என்றார். தலைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். “நம்ம ரோட்டுல தண்ணி ஊத்துனா தேரு கோயிலுக்கு வராது தம்பி, காசல்ரீ தண்ணியிலதான் போயி நிக்கும்.”

இத்தனை கடல் பேசுகிறவர் கடலில் இறங்கியதில்லை. நாலாயிரம் அடி உயரத்தில் பிறந்த பிள்ளைக்கு நீச்சல் எங்கே வரும்? கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டி நின்று படம் எடுத்ததோடு சரி.

அவருடைய அம்மாவும் கடலோர ஊரொன்றில் இருந்தவர்தான். குவைத்தில், ஒரு வீட்டுக் குசினியில். தம்பியின் உயர்தர டியூஷன் காசு அங்கிருந்துதான் வந்தது. அதை வெளிநாட்டு அனுபவம் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. அவரை ‘குவைத்தம்மா’ என்று கூப்பிடவும் ஆளில்லை. திரும்பிவந்த மறுவாரமே கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. தம்பி அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார், நாலு யூரோவைச் சுற்றித்தான் வந்தது. புலமைப்பரிசிலுக்கு அந்தச் சம்பளத் துண்டை மொழிபெயர்த்துக் கொடுத்தபோது, ஒரு மணித்தியாலக் கூலி என்று எண்ணிவிடுவார்களோ என்று ‘நாளொன்றுக்கு’ என்பதன் கீழே கோடு போட்டாராம். இதை மட்டும் தம்பி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

புறப்படும் நாளில் பெட்டி கட்டும் வைபவம். கட்டார் விமான நிலையத்தில் எப்படி மாறி ஏறவேண்டும் என்று தம்பி அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருக்க, சம்பல் போத்தலைத் துவாயில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைத்து, கைப்பிடியைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்கினார் அம்மா. “இருவத்தஞ்சு இருக்கு. ரெண்டு கிலோ எடு.” தம்பி நம்பவில்லை. முச்சக்கரவண்டி பிடித்துக் கடைத் தராசுக்குக் கொண்டுபோனார். இருபத்தைந்தேதான். எதை எடுப்பது என்று பெரிய தகராறு. தேயிலைத் தூள் கூடாது, அங்கே பிரசங்கம் நின்றுபோகும். மாசி கூடாது, சம்பலும் கூடாது. கடைசியில் வெளியே வந்தவை ஒரு சோடி சப்பாத்தும் இத்தாலி மொழி இலக்கணப் புத்தகமும்.