மாமா பதில்கள்: வலிக்குத் தெரியாமல் ஒரு பனிப்பந்து

*பல் பிடுங்கப் பயந்தவன், பண்ருட்டி:* சிகிச்சை நேரத்தில் கண்ணை மூடி ஒரு பெட்டியை மாட்டி விளையாட விடுகிறார்களாமே, வலி தெரியாமலிருக்க. நிஜமா மாமா?

நிஜம். பெயர் வி.ஆர். ஹெட்செட், தமிழில் மெய்நிகர் உலகம். மிரளாதீர். நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டினாளே உன் பாட்டி, அந்த வித்தைக்கு அமெரிக்காக்காரன் பேட்டரி போட்டிருக்கிறான்.

*கேள்விக்குறி, கும்பகோணம்:* யார் ஆரம்பித்தது?

சியாட்டிலில், 1996 வாக்கில். வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஹன்டர் ஹாஃப்மன், ஹார்பர்வியூ தீக்காயப் பிரிவில் டேவிட் பேட்டர்சன். இரண்டு பேருமே மனோதத்துவக்காரர்கள். கத்தி பிடிக்கிற வேலை இல்லாததால் வலியைப் பற்றி யோசிக்க நேரம் இருந்தது.

*நர்ஸம்மா, நாகர்கோவில்:* ஏன் தீக்காயத்தில் தொடங்கினார்கள்?

உங்களுக்குத் தெரியாததா தாயே? நெருப்பு சுட்டது ஒரு தரம். கட்டுப் பிரிக்கும்போது சுடுவது எத்தனை தரமோ. ஒட்டிய துணியை நனைத்துப் பிரித்து, செத்த தோலைத் தேய்த்தெடுத்து, மறுபடி மருந்து. மார்ஃபின் வகையறா கொடுத்தும் பல்லைக் கடிக்கிறார்கள். நாளைக்கும் இது உண்டு என்று தெரிந்து படுப்பவனுக்கு ராத்திரித் தூக்கமும் போச்சு. இந்தப் பதிலில் ஜோக் கிடையாது.

*விளையாட்டுப் பிள்ளை, விருதுநகர்:* அப்படி என்ன விளையாட்டு?

ஸ்னோ வேர்ல்ட். பனிப் பள்ளத்தாக்கில் மிதந்துகொண்டே பெங்குவின், பனிமனிதன் மேல் பனிப்பந்து எறிய வேண்டும். வெந்த உடம்புக்காரனுக்குப் பாலைவனமா காட்டுவார்கள்? ஆனால் 2000-ல் வந்த முதல் அறிக்கையில் இரண்டு பையன்களுக்குக் காட்டியது, சிலந்திப் பயம் போக்கத் தயாரித்த சிலந்தி உலகம்! கையில் அதுதான் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நின்டெண்டோவும் கொடுத்தார்கள். சிலந்தி ஜெயித்தது.

*சீரியல் ரசிகை, சேலம்:* டிவி போட்டால் போதாதோ?

டிவிக்கு ஓரம் உண்டு. ஓரத்தில் கத்தரிக்கோல் தெரியும். ஹெட்செட்டில் எங்கே திரும்பினாலும் பனிதான். சின்ன வயதில் கம்பவுண்டர் ஒருவர் "அதோ பார் காக்கா" என்றார். பார்த்தேன். ஓரக்கண்ணில் ஊசி. இன்றைக்கும் காக்காவைக் கண்டால் கை வலிக்கிறது.

*தத்துவம், தஞ்சை:* விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

கவனம் ஒரே கல்லாப்பெட்டி. வலி வந்து கையை நீட்டுவதற்குள் பெங்குவின் காலி பண்ணிவிட்டுப் போயிருக்கும். முதுகுத்தண்டில் வலிக்கு ஒரு கதவு, அதை மூளை ஒருக்களித்துச் சாத்தலாம் என்று 1965-லேயே மெல்சாக், வால் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் எழுதிவிட்டார்கள்.

*குறுக்கு விசாரணை, குளித்தலை:* "வலிக்கலை" என்று மரியாதைக்குச் சொல்லியிருக்கலாமே?

வக்கீல் வீட்டுப் பிள்ளையோ? 2004-ல் எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் ஆட்களைப் படுக்கவைத்து, பாதத்தில் அளவான சூடு கொடுத்து, ஸ்னோ வேர்ல்ட் காட்டிப் பார்த்தார்கள். மூளையில் வலி சம்பந்தப்பட்ட 5 இடங்களில் சலசலப்பு குறைந்தது. வாய் மரியாதை பார்க்கும், அந்த ஐந்தில் ஒன்றான தலாமஸ் பார்க்காது.

*லைன்மேன், லால்குடி:* தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் காயம் கழுவுவார்களே, ஷாக் அடிக்காதா?

தொழில் புத்தி! அதற்காகவே ஹாஃப்மன், கண்ணாடி இழை வழியே வெளிச்சத்தை மட்டும் அனுப்பும் ஹெல்மெட் செய்தார். கரண்ட் கரையில், படம் தண்ணீரில்.

*மயக்க மருந்து, மதுரை:* எங்கள் பிழைப்பு போச்சா?

போகாது. மருந்தும் விளையாட்டும் சேர்ந்தால், மருந்து மட்டும் கொடுப்பதைவிட மேல் என்பதுதான் 2007-ல் கண்டது. ஹெட்செட்டைக் கழற்றியதும் வலி செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி வரும்.

*இடுப்புப் பிடிப்பு, ஈரோடு:* நாள்பட்ட முதுகுவலிக்கு?

2021 நவம்பரில் ஈஸ்விஆர்எக்ஸ் என்ற 8 வாரத் திட்டத்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. இதில் பனிப்பந்து இல்லை, மூச்சுப் பயிற்சி மாதிரி பழக்கங்கள். முதுகு சொன்னதை மூளை பெரிதுபடுத்தாமலிருக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். மாமியார் மருமகள் சமரசம்தான்.

*கொடைக்கானல் பஸ், வத்தலக்குண்டு:* யாருக்கு ஒத்துக்காது?

உமக்கு. கொண்டை ஊசி வளைவில் பாலிதீன் பை தேடுகிறவர்களுக்கு இதிலும் தலை சுற்றலாம். முகத்தில் காயம் இருந்தால் மாட்டவும் இடமில்லை.

*கவலைப்படும் அப்பா, கடலூர்:* பையனுக்கு நாளை ஊசி. எங்கள் டாக்டரிடம் ஹெட்செட் இல்லை.

காக்கா மட்டும் காட்டாதீர். நல்ல பேய்க்கதையாகச் சொல்லி, கிணற்றுக்குள்ளிருந்து கை வெளியே வரும் இடத்தில் டாக்டருக்குக் கண்ணைக் காட்டும். பயல் அழுவான், மீதிக் கதைக்கு.