மேடையில் வீற்றிருக்கும் முன்னாள் தலைவர்

அவர் தலைவராக இருந்தது ஒரே ஓராண்டு. முன்னாள் தலைவராக இருப்பதோ இருபது ஆண்டுகளாக. இரண்டாவது பதவியில்தான் அவருக்கு அனுபவம் அதிகம்.

ரோட்டரியோ லயன்ஸோ, சேவைச் சங்கங்களில் வழக்கம் ஒன்றுதான். ஜூலை 1 அன்று புதுத் தலைவர் வருவார், அடுத்த ஜூன் 30 அன்று போய்விடுவார். நாற்காலியை ஒருவரே பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்கிற நல்ல எண்ணம். ஆனால் இதனால் வருஷத்துக்கு ஒரு முன்னாள் தலைவர் விளைகிறார். சங்கத்துக்கு முப்பது வயதாகிவிட்டால் முன்வரிசையில் மற்றவர்களுக்கு இடமில்லை.

சங்கத்துக்கு எங்கள் பள்ளியில் இருக்கும் மாணவர் கிளைக்கு நான் பொறுப்பாசிரியர். பணியேற்பு விழாவுக்குத் தேதி குறித்ததும் அவரிடமிருந்து போன் வரும். "சார், வரவேற்புரை எந்தப் பாப்பா? பேர் லிஸ்ட் வாட்ஸ்அப்புல போட்டிருக்கேன். வரிசை மட்டும் மாறக்கூடாது பாருங்க."

வரிசை என்றால் சாதாரண வரிசையா? பட்டயத் தலைவர், உடனடி முன்னாள் தலைவர், மண்டலம், வட்டாரம், முன்னாள் மண்டலம், முன்னாள் வட்டாரம். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் கூட்ஸ் வண்டிப் பெட்டிகள் மாதிரி எழுத்துகள்: பி.பி., ஐ.பி.பி., பி.டி.ஜி., எம்.ஜே.எஃப். வரவேற்புரை சொல்லும் ஒன்பதாம் வகுப்புப் பெண் வராந்தாவில் நடந்து நடந்து மனப்பாடம் செய்கிறாள்; காலாண்டுத் தேர்வுக்குக்கூட இப்படிப் படித்திருக்க மாட்டாள்.

ஒரு தடவை அவள் ஒன்றை விட்டுவிட்டாள். அவர் தலைவராவதற்கு முன் பொருளாளராகவும் இருந்திருக்கிறார். அந்த 'முன்னாள் பொருளாளர்' விடுபட்டுப்போயிற்று. மனிதர் சத்தம் போடவில்லை. எழுந்து வந்தார், மைக்கைத் தட்டிப் பார்த்தார், "குழந்தை பயத்துல விட்டுடுச்சு, பரவாயில்லை" என்று சொல்லித் தானே சேர்த்துக்கொண்டார். அந்தப் பெண் அதற்கப்புறம் மேடைப் பக்கமே வருவதில்லை.

அவர் பேசும்போது அதே வரிசை மறுபடியும் முதலிலிருந்து. "எல்லோரையும் ஏற்கெனவே விளித்துவிட்டதால்..." என்று சிறப்பு விருந்தினர் சுருக்கப் பார்த்தால் இவர் முகம் சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் தெளியாது. விளித்து முடித்தபின் வரலாறு. ரோட்டரிக்காரர் என்றால் 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் நண்பர்களைக் கூட்டிய கதை. லயன்ஸ்காரர் என்றால் 1917, மெல்வின் ஜோன்ஸ். பால் ஹாரிஸையும் சேர்த்து சிகாகோவில் அன்று கூடியவர்கள் மொத்தம் நாலு பேர். நாலு பேரில் ஒருவர்கூட முன்னாள் தலைவர் இல்லை. அதனால்தான் கூட்டம் உருப்படியாக நடந்திருக்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் பாவம். ராத்திரி இரண்டு மணிக்கு ஓ நெகட்டிவ் வேண்டுமென்றால் ஊரில் எல்லோரும் கூப்பிடுவது இவரைத்தான். யாருக்கு என்ன ரத்த வகை, கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஸ்கூட்டரில் போய்க் கதவைத் தட்டி ஆளை எழுப்பி, ரத்த வங்கியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். கண்புரை முகாம் நாளில் பாட்டிகளைக் கைப்பிடித்து வேனில் ஏற்றுவதும் அவர்தான். எந்தப் பாட்டிக்கும் அவர் பெயர் தெரியாது. அங்கே அவருக்கு அது உறைப்பதுமில்லை. மைக் இல்லாத இடத்தில் அவர் தங்கமான மனிதர்.

ஆனால் என் கோபம் பிள்ளைகளுக்காக. லயன்ஸின் மாணவர் கிளையான லியோ சங்கம் 1957இலும் ரோட்டரியின் மாணவர் கிளையான இன்டராக்ட் 1962இலும் அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களில்தான் பிறந்தன. பிள்ளைகளே தலைவரைத் தேர்ந்தெடுத்து, பிள்ளைகளே யோசித்து, ஊருக்கு ஒரு வேலை செய்ய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. எங்கள் பிள்ளைகளும் யோசித்தார்கள். செங்கல் சூளைக் குழந்தைகளுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் பாடம் சொல்லித்தரலாம், அதற்குக் கரும்பலகையும் ஒரு விளக்கும் வேண்டும் என்று அழகாக எழுதிக் கொண்டுவந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் அது கடைசி: 'மாணவர் அறிக்கை, 2 நிமிடம்'. விளித்தலும் வரலாறும் பொன்னாடையும் முடிவதற்குள் மணி ஒன்பதாகிவிட்டது. நேராக நாட்டுப்பண். மாணவர் தலைவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பந்தியில் தண்ணீர் ஊற்றப் போனான். இது சிரிக்கிற விஷயமில்லை. வாலிபர்களுக்கு வழிகாட்டுகிறோம் என்று பேனர் கட்டிய மேடையில் ஒரு வாலிபன்கூடப் பேசவில்லை.

ஆகவே, புதிதாகப் பொறுப்பேற்கப்போகும் தலைவர்களே, வருகிற ஜூலையில் நிகழ்ச்சி நிரலைத் தலைகீழாகப் போடுங்கள். முதலில் பிள்ளைகள் பேசட்டும், கேட்ட கரும்பலகையை அங்கேயே கொடுத்துவிடுங்கள். முன்னாள் தலைவர்களைக் கடைசியில் விளித்துக்கொள்ளலாம். சாப்பாடு முடிகிற வரைக்கும் அவர்கள் எங்கேயும் போக மாட்டார்கள்.