பழி ஓரிடம், பல் ஓரிடம்

செய்யாத குற்றத்துக்கு உலகிலேயே அதிகம் தண்டனை அனுபவித்தது யார் என்று கேட்டால், கடைவாய்ப்பல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். முகத்தில் மின்னல் வெட்டினாற்போல் வலிக்கிறதா? பிடுங்கு பல்லை. வலி போகவில்லையா? பிடுங்கு பக்கத்துப் பல்லை. இந்த இரண்டு சட்டங்களை வைத்தே மருத்துவம் நெடுங்காலம் பிழைப்பை ஓட்டியது.

1677 டிசம்பர், பாரிஸ். இங்கிலாந்துத் தூதரின் மனைவியான நார்தம்பர்லண்ட் சீமாட்டி வலியில் அலறுகிறார். ஒவ்வொரு வெட்டுக்கும் வாய் வலது காதை நோக்கி இழுத்துக்கொள்கிறது. பல்லைப் பிடுங்கியும் பார்த்தாயிற்று, பல்தான் போனது. கடைசியில் ஊரில் தங்கியிருந்த ஜான் லாக்குக்கு ஆள் போனது. ஆமாம், தத்துவஞானி லாக்தான், வைத்தியமும் படித்தவர். நோயை அவர் விவரித்து எழுதிய கடிதங்களை நரம்பியல்காரர்கள் இன்றும் மெச்சுகிறார்கள். கொடுத்த மருந்து? பேதிக்கு! வலி முகத்தில், தண்டனை வயிற்றுக்கு. அனுபவமே அறிவைத் தரும் என்று பின்னாளில் புத்தகம் போட்டார். அனுபவித்தது என்னவோ சீமாட்டி.

1756இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் நிக்கோலா ஆந்த்ரே, இது நரம்பின் சேட்டை என்று சரியாகவே பிடித்தார். பிடித்தவர் சும்மா இருந்தாரா? கண்ணுக்குக் கீழே நரம்பு வெளியே வரும் இடத்தில் அரிக்கும் மருந்தை வைத்து அதைப் பொசுக்கினார். 'டிக் டூலுரூ' என்று ஒரு நாகரிகமான பெயரையும் சூட்டினார். பேசினாலே வலி வெட்டும் நோயாளி அந்தப் பெயரை எப்படிச் சொல்வார் என்று யோசிக்கவில்லை.

1773இல் லண்டன் மருத்துவர் ஜான் ஃபாதர்கில் 14 நோயாளிகளை வைத்துக் கட்டுரை வாசித்தார். இது ஏதோ மறைந்திருக்கும் புற்றுநோயின் வேலை என்பது அவர் கட்சி. மருந்து, சாக்ரட்டீஸை அனுப்பிவைத்த அதே ஹெம்லாக். அளவோடுதான் கொடுத்தார்.

அடுத்து, நரம்பை வெட்டினால் தீரும் என்ற ஞானம் பிறந்தது. எந்த நரம்பை என்ற ஞானம் கூடவே பிறக்கவில்லை. சிலருக்கு ஏழாம் நரம்பை வெட்டினார்கள். வலி அப்படியே இருக்க, முகம் மட்டும் ஒரு பக்கம் தொங்கியது. முகத்தின் தொடு உணர்வுக்கு ஐந்தாம் நரம்பு, முகபாவத்துக்கு ஏழாம் நரம்பு என்று சார்லஸ் பெல் 1821 முதல் பிரித்துச் சொல்ல ஆரம்பித்த பிறகே கத்திக்கு வழி தெரிந்தது. மெல்லும் தசைகளை ஆட்டுவிப்பதும் அந்த ஐந்தாம் நரம்புதான்.

முதல் உலகப்போர் சமயத்தில் ஜெர்மனியில் எந்திரப் பிசுக்கைக் கழுவும் டிரைகுளோரோஎத்திலீன் தொழிலாளர்களின் முகத்தை மரத்துப்போகச் செய்தது. வேறு யாராவது என்றால் ஜன்னலைத் திறந்திருப்பார்கள். மருத்துவர்களோ, அதையே முகவலிக்காரர்களை முகரச் சொன்னார்கள்.

1934 வேடிக்கையான வருஷம். பால்டிமோரில் வால்டர் டேண்டி மண்டையைத் திறந்து பார்த்து, பல நோயாளிகளுக்கு ஐந்தாம் நரம்பின் மேல் ஒரு ரத்தக்குழாய் சாய்ந்து அழுத்துவதை எழுதினார். அதே வருஷம் செயின்ட் லூயிஸில் ஜேம்ஸ் காஸ்டன், தாடை வலிக்கும் காது வலிக்கும் கடைவாய்ப்பல் இல்லாததே காரணம், தாடை பின்னால் நகர்ந்து நரம்பை நசுக்குகிறது என்றார். பல் இருந்தாலும் குற்றவாளி, இல்லாவிட்டாலும் குற்றவாளி! அப்படி நசுக்க வழியில்லை என்று உடற்கூறு அறிஞர்கள் பிறகு மறுத்தார்கள். ஆனால் காஸ்டன் பெயர் பரவிய வேகம் டேண்டிக்கு வாய்க்கவில்லை. 1960களின் பிற்பாதியில் பீட்டர் ஜனெட்டா நுண்ணோக்கியோடு வந்து குழாயை நகர்த்திக் காட்டிய பிறகே டேண்டியின் கட்சி வென்றது. குழாய் அழுத்தி அழுத்தி மேலுறை தேய்ந்த மின்கம்பி மாதிரி ஆகிவிட்ட நரம்புக்குப் பல் துலக்குவதும் ஒன்றுதான், இடி விழுவதும் ஒன்றுதான். இதற்கிடையே 1962இல் ஸ்வீடனின் புளோம், வலிப்புக்கான கார்பமாசெபின் இந்த முகவலிக்கும் கேட்கிறது என்று சொல்லியிருந்தார். இன்றும் முதலில் எழுதப்படுவது அதுதான்.

வலிப்பது ஒரு ரகம் என்றால், தாடை தானாக இறுகுவதும் திறந்துகொள்வதும் இன்னொரு ரகம். கண்ணிமையும் தாடையும் இப்படி இழுத்துக்கொள்வதை ஹென்றி மீஜ் 1910இல் பதிவு செய்தார். மூளையின் கட்டளைப் பிசகான இதை வெகுகாலம் மனப்பிரமை என்று தட்டிக்கழித்தார்கள். 1976இல் டேவிட் மார்ஸ்டன், வாயைப் பிளந்து நிற்கும் ஒரு பழைய ஓவியத்தைப் பார்த்து, இதற்கு ஓவியர் புரூகலின் பெயரை வைத்தார். மருந்து வந்த இடம் இன்னும் அழகு. கெட்டுப்போன சாசேஜ் தின்று செத்தவர்களை 1820களில் ஆராய்ந்த ஜெர்மன் கவிஞர்-மருத்துவர் கெர்னர், அந்த சாசேஜ் நஞ்சைத் துளியளவில் மருந்தாக்கலாம் என்று எழுதியிருந்தார். 1989இல் அமெரிக்கா கண்ணிமை இழுப்புக்கு அதை அனுமதித்தது. அதுதான் போடாக்ஸ். பிடிவாதத் தாடைக்கும் அந்த ஊசியைத்தான் போடுகிறார்கள்.

பல் மட்டும் இன்னும் விடுதலையாகவில்லை. முகத்தில் மின்னல் வெட்டும் நோய்க்காரர்களில் பலர் நரம்பியல் மருத்துவரிடம் வந்து சேர்வதற்குள் நல்ல பல்லைப் பறிகொடுத்துவிடுகிறார்கள். முகத்தின் ஒரே பக்கத்தில், தொட்டாலும் காற்றுப் பட்டாலும் சில நொடிகள் மின்சாரம் பாய்கிறதா? எக்ஸ்-ரேயில் பல் சுத்தமாக இருக்கிறதா? குறடை எடுக்கவிடாதீர்கள், நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். குழாயை நகர்த்தலாம், நரம்பை அடக்கலாம், பிடுங்கிய பல்லை மட்டும் யாராலும் முளைக்கவைக்க முடியாது.