பல்லைக் கடிக்காதே பேராண்டி!

அப்பு, உன் காசு, உன் காரு. வாங்குனதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா நீ கீழ ராஜ வீதியில திரும்புறப்ப நாலு தெரு தள்ளி இருக்கிற மெக்கானிக்கு எந்திரிச்சு நின்னு உன் தெசையைப் பாத்துக் கும்பிடுறானாம். உன் கியர்ப்பெட்டி போடுற ‘கர்ர்ர்’ சத்தம் இருக்கே, அதுலதான் அவன் புள்ளைக்குக் காலேஜு ஃபீஸு கட்டலாம்னு கணக்குப் போட்டு வச்சிருக்கான். நல்ல மனசுப்பா உனக்கு.

அதுக்கு மேல, வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் அதை ஸ்போர்ட்ஸ் காருங்கிற. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ரெண்டே கதவு, அதை வச்சு நீயா முடிவு பண்ணிக்கிட்ட போல. சீமையில ட்ரையம்ஃப் ஹெரால்டுன்னு ஓடுன வண்டியைத்தான் 1961லருந்து மெட்ராஸுக்குத் தெக்க வண்டலூர்ப் பக்கம் செஞ்சு வித்தாக. அதே ஹெரால்டோட அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி, 1962ல ஸ்பிட்ஃபயருன்னு நெசமான ஸ்போர்ட்ஸ் காரை வெள்ளைக்காரன் இறக்குனான். ரெண்டுக்கும் உருவம் வரைஞ்சவரு மிக்கேலோட்டிங்கிற இத்தாலிக்காரரு. அதனால உன் வண்டி ஸ்போர்ட்ஸ் காரு இல்ல. ஸ்போர்ட்ஸ் காருக்குப் பங்காளி. எஞ்சின் 948 சி.சி. குதிரைத் திறன் நாப்பதைத் தொடாது. நமணசமுத்திரம் அய்யனார் கோயில்ல வரிசையா நிக்கிற மண்குதிரைக அதைவிடச் சாஸ்தி. அதுல ஒரு குதிரையாச்சும் ‘கர்ர்’னு கத்தி நீ கேட்டிருக்கியா?

சீமைச் சம்பந்தம் நம்ம ஊருக்குப் புதுசில்ல. 1915லயே நம்ம புதுக்கோட்டை ராசா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆஸ்திரேலியாவுல மோலி ஃபிங்குங்கிற பொண்ணைக் கல்யாணம் பண்ணிக் கூட்டியாந்தாக. வெள்ளைக்காரச் சர்க்காரு அவுகளை மகாராணின்னு கடைசி வரைக்கும் ஒத்துக்கல. கொஞ்ச நாள்லயே ரெண்டு பேரும் கப்பலேறிட்டாக. அந்தச் சம்பந்தத்துக்குக் குறுக்க ஒரு சர்க்காரே நின்னுச்சு. உன் சம்பந்தத்துக்குக் குறுக்க நிக்கிறது உன் இடது கையும் இடது காலுந்தான்.

மொதல்ல அந்தத் தோல் கையுறையைக் கழட்டு. சித்திரை வெயில்ல அதைப் போட்டுக்கிட்டு நீ வேர்த்து வழியிறதைப் பாத்து உங்க அப்பத்தா, புள்ளைக்குக் கையில ஏதோ சீக்குன்னு நேந்துக்கிட்டிருக்கா. அடுத்தது, கியர்க்குச்சியை நீ பிடிக்கிற பிடி. தச்சங்குறிச்சி வாடிவாசல்ல காளைத் திமிலை அப்புடிப் பிடிச்சிருந்தீன்னா ஒரு பீரோவாச்சும் வீட்டுக்கு வந்திருக்கும். குச்சிக்கு அம்புட்டுப் பிடி வேணாம்யா. முன்னால தள்ளுறதுக்கு உள்ளங்கை, பின்னால இழுக்குறதுக்கு விரலு. கியரு விழுந்ததும் கையை எடுத்துரு. படத்துல வர்ற ஹீரோ கணக்கா குச்சி மேலயே கையைப் போட்டுக்கிட்டுப் போனா, உள்ள இருக்கிற ஃபோர்க்கு சும்மாவே தேயும்.

இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன், கேளு. மாட்டு வண்டி எல்கைப் பந்தயம் பாத்திருக்கேல்ல? பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டுன்னு வண்டிக கிளம்பும். சாரதி வண்டியில இருப்பான். கூட வர்றவன் குதிச்சு ஓடுவான், மாட்டை உசுப்பி விட்டுட்டுத் திரும்ப வண்டியில தொத்துவான். நின்ன எடத்துலருந்தே தொத்துவானா? தொத்துனா மூஞ்சி கிழிஞ்சிரும். வண்டி போற வேகத்துக்கு அவனும் ஓடி, ரெண்டு வேகமும் ஒண்ணா வர்ற நொடியில சுளுவா ஏறி உக்காருவான். கியரும் அம்புட்டுத்தான். பெட்டிக்குள்ள ஒரு பக்கத்தை எஞ்சின் சுத்துது, இன்னொரு பக்கத்தைச் சக்கரம் சுத்துது. ரெண்டும் சமமா வந்தா கியரு தானா விழும். வராம நீ தள்ளுனா, பல்லும் பல்லும் கடிச்சுக்கிரும்.

அதைச் சமமாக்கத்தான் உள்ள சிங்க்ரனைசர்னு பித்தளை வளையம் வச்சிருக்கான். அது உரசி உரசித்தான் வேகத்தை ஒண்ணாக்கணும். அதுக்கு ஒரு நொடி ஆகும். உன் வண்டியில அந்த வளையத்துக்கு என் வயசு இல்லாட்டியும், என் மூட்டு மாதிரி தேஞ்சுதான் இருக்கும். ஒண்ணுலருந்து ரெண்டு, ரெண்டுலருந்து மூணுன்னு ஏத்துறப்ப நியூட்ரல்ல ஒரு மூச்சு நிப்பாட்டு. எஞ்சின் வேகம் தானா இறங்கும். அப்புறம் குச்சியைச் சாச்சா வெண்ணெயில கத்தி. நீ அந்த ஒரு மூச்சை மிச்சம் பிடிச்சு என்னத்தைச் சேத்து வச்சிருக்க? ரயில்வே கேட்டுல போய் கால் மணி நேரம் நிக்கிறதைத்தான நான் பாக்குறேன்.

இறக்குறதுதான் வித்தை. மூணுலருந்து ரெண்டுக்கு வந்தா, அதே வேகத்துக்கு எஞ்சின் ஒன்றரை மடங்குக்கு மேல சுத்தணும். மூணுல 2,000 சுத்துன எஞ்சினு ரெண்டுல 3,000 தாண்டணும். அதைக் காட்டுற முள்ளு உன் வண்டியில இல்ல. காது இருக்குல்ல, அதை வச்சுக்க. அதுல சொருகியிருக்கிறதை மொதல்ல புடுங்கு. சிங்க்ரனைசரே இல்லாத லாரி ஓட்டுன ஆளுக எல்லாரும் டபுள் கிளட்ச்சுலதான் பொழைச்சோம். கிளட்ச்சை மிதி, நியூட்ரலுக்கு வா. கிளட்ச்சை விடு. ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டு. மறுபடி மிதி, ரெண்டைப் போடு. நடுவுல கிளட்ச்சை ஏன் விடணும்னு கேப்ப. விட்டாத்தான் நீ தட்டுற தட்டு பெட்டிக்குள்ள இருக்கிற பல்சக்கரத்துக்குப் போய்ச் சேரும். மிதிச்சுக்கிட்டே தட்டுனா எஞ்சின் மட்டும் தனியா உறுமும். வேடிக்கை பாக்கிறவன் மெச்சுவான், கியரு மெச்சாது.

ஒண்ணாங் கியருக்கு அந்த வளையமே கிடையாது. இதை உனக்கு வித்தவன் சொல்லியிருக்க மாட்டான். ஓடுற வண்டியில ஒண்ணைத் திணிக்காத. வண்டி நின்ன பெறகும் உள்ள சக்கரம் கொஞ்சம் சுத்திக்கிட்டுத்தான் இருக்கும். கிளட்ச்சை மிதிச்சு, மொதல்ல ரெண்டைத் தொட்டுட்டு, அப்புறம் ஒண்ணுக்குக் கொண்டா. ரெண்டோட வளையம் அந்தச் சுத்தை நிறுத்திரும். ‘கர்ர்’ வராது. மெக்கானிக்கு மட்டும் கொஞ்சம் வருத்தப்படுவான்.

இனிமே சொல்றது கேலி இல்ல, காதுல போட்டுக்க. வளைவுக்குள்ள போய் கியரை இறக்காத. உன் வண்டியில பின்சக்கரம் ரெண்டும் தனித்தனி அச்சுல தொங்குது. வளைவுல வேகமாப் போயிட்டு ஆக்சிலேட்டரைப் பட்டுன்னு விட்டா, பின்னாடி தூக்கிக்கிட்டுச் சக்கரம் உள்ள மடங்கும். அப்புறம் வண்டியோட மூஞ்சி போற தெசை வேற, நீ நெனச்ச தெசை வேற. வேகத்தைக் குறைக்கிறது, கியரை இறக்குறது எல்லாத்தையும் நேர் ரோட்டுலயே முடிச்சுக்க. வளைவுக்குள்ள லேசா ஆக்சிலேட்டரைக் கொடுத்துக்கிட்டே போ.

சிக்னல்ல நிக்கிறப்ப கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டுத் தவம் இருக்காத. அந்த அமுக்கு நேரா கிராங்க் ஷாஃப்டு மேல போகும். அதைத் தாங்குற த்ரஸ்ட் வாஷர் ட்ரையம்ஃப் எஞ்சினுக்குச் சீக்கிரம் தேயும். நியூட்ரல் பண்ணிட்டுக் காலை எடு. ஜி.எல்.4 கியர் ஆயிலைப் பாத்து ஊத்து, அதுதான் பித்தளைக்கு ஆகும். ஆயில் சூடாகலைன்னு சாக்குச் சொல்லாத. நம்ம ஜில்லாவுல நிறுத்தி வச்ச வண்டிக்கே சூடாகும்.

அந்தக் குதிகாலும் பெருவிரலுமா ஒரே கால்ல பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் மிதிக்கிற வித்தையை வீடியோவுல பாத்துட்டு நாற்காலியில உக்காந்து பழகுறியாமே, அப்பத்தா சொன்னா. சோழவரத்துல, உலகப் போருக்குப் போட்ட விமான ஓடுதளத்துல பந்தயம் விட்ட ஆளுகளுக்கு அது வேணும். 1990ல இருங்காட்டுக்கோட்டையில தடம் போட்ட பெறகு வந்தவுகளுக்கும் வேணும். பிரேக் பிடிக்கிற அதே நொடியில கியரையும் இறக்கணும், அவுகளுக்கு நேரம் கெடையாது. உனக்குத் திருமயம் போறதுக்கு என்ன அவசரம்? சேதுபதி கட்டுன கோட்டை 1687லருந்து அங்கனயேதான் கெடக்கு. நீ போறதுக்குள்ள எங்கிட்டும் போயிராது.

தேறிட்டியா இல்லையான்னு பாக்க லைசென்ஸ் ஆபீசுக்கெல்லாம் போக வேணாம். அடுத்த வெள்ளிக்கிழமை அப்பத்தாளைப் பின்சீட்டுல உக்கார வச்சு திருமயம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ. வழியெல்லாம் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டேதான் வருவா. திரும்பி வர்றப்ப சுண்ணாம்பு வெத்தலையில மட்டும் இருந்தா நீ டிரைவரு. அவ மூக்குல இருந்தா காரை வித்துரு. சீட்டுல இருந்தா, அந்த மெக்கானிக்கு நம்பரை எனக்கும் கொடு. வர்ற கமிஷன்ல பாதியை நான் வாங்கிக்கிறேன்.