குடும்பக் கணினியில் கிராபிக்ஸ் கார்டு செருகுதல்: 75 வாட் கோட்பாட்டு நோக்கில் ஓர் ஆய்வு

சங்க காலத் துறைமுகங்கள் பற்றியும் சோழர் கால ஏரி வாரியம் பற்றியும் தமிழில் ஆய்வேடுகளுக்குக் குறைவில்லை. ஆனால் கூடத்து மூலையில், போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டியிருக்க, தலையில் பூ வேலைப்பாட்டுத் துணி போர்த்திக்கொண்டு நிற்கிறதே ஒரு பழைய கணினி, அதற்குள் கிராபிக்ஸ் கார்டு செருகும் மரபை ஆராய எந்தப் பல்கலைக்கழகமும் இருக்கை நிறுவியதாகத் தெரியவில்லை. முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே வீடுகளில் வெடிக்கும் விவகாரம் இது. கல்விப்புலம் கண்டுகொள்ளாததால் இக்கட்டுரை எழுந்தது.

முதலில் ஆய்வெல்லை. எது பழைய கணினி? விற்பவர் கணக்கில் மூன்று வயதானாலே பழசு. காசு கொடுத்து வாங்கிய அப்பாவின் கணக்கில் எந்தக் கணினியும் பழசாவதே இல்லை, ‘அதான் ஓடுதுல்ல?’ என்பது அத்தரப்பின் ஒற்றைச் சான்று, இன்றுவரை மறுக்கப்படாதது. இவ்விரு பள்ளிகளுக்கும் பொதுவான மாதிரியாக டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020இன் சின்னப் பெட்டி வகையை எடுத்துக்கொள்கிறோம். 2013இல் அலுவலகங்களுக்காக வந்தது. கம்பெனிகள் கழித்துக்கட்டிய பிறகு தூசி தட்டப்பட்டு, விண்டோஸ் ஏற்றப்பட்டு, சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்கள் வழியாக வீடுகளுக்குள் குடியேறும் இனம். உள்ளே நான்காம் தலைமுறை ஐ5. எக்செல் கோப்புகளோடு மானமாக வாழ்ந்து ஓய்வு பெற்ற ஜீவன். அதைத்தான் பிள்ளைகள் ஜிடிஏ 5 ஓட்டச் சொல்கிறார்கள்.

இவ்வாய்வின் அச்சாணி 75 என்ற எண். மதர்போர்டில் இருக்கும் நீளமான பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட், தன்னில் செருகிய கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் தரலாம் என்பது விதி. நூற்பாவாக்கினால் ‘ஸ்லாட்டின் ஈகை எழுபத்தைந் தென்ப’ என்று வரும். இதற்கு உரை: 12 வோல்ட் வழியே 66 வாட், எஞ்சியது 3.3 வோல்ட் வழியே. அதற்கு மேல் வேண்டுமானால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். ஆறு பின் வயர் இன்னொரு 75 தரும், எட்டு பின் வயர் 150 தரும். ‘என்ப’ என்றதனால், இதைச் சொன்னவர் தர நிர்ணயக் குழுவினரேயன்றிக் கடைக்காரர் அல்லர் என்பது பெறப்படும்.

இதிலிருந்து நம் கருதுகோள் பிறக்கிறது: வயர் கேட்கும் கார்டு குடும்பத்துக்குள் வராது. காரணம் மின்னியலில் தொடங்கி வேறெங்கோ போய் முடிகிறது. 9020இன் 255 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஆறு பின் வயர் கிடையாது. சரி, புதிது வாங்கலாம் என்றால், கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 24 பின் முனை இந்த போர்டில் ஏறாது. டெல் அங்கே தனக்கென்று தனியாக எட்டு பின் வைத்திருக்கிறது. ஆகவே ஒரு கன்வெர்ட்டர் கேபிள். பெரிய எஸ்.எம்.பி.எஸ். சின்னப் பெட்டிக்குள் நுழையாது, ஆகவே அதற்கு வெளியே ஓரிடம். வெளியே வைத்தால் மூடி மூடாது. மூடாத கணினியைக் கூடத்தில் கண்ட அம்மா, ‘என்னடா இது, குடல் சரிஞ்ச மாதிரி?’ என்று கேட்பார். அத்துடன் கோப்பு வேறு அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டுவிடும். அங்கிருந்து அது திரும்பியதாகக் குறிப்பில்லை.

எனவே வயர் கேட்காத கார்டுகளின் வமிசாவளி மட்டுமே குடும்ப வரலாற்றுக்கு உரியது. 2014 பிப்ரவரியில் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 60 வாட். 2016 அக்டோபரில் 1050 டிஐ, 75 வாட். 2019 ஏப்ரலில் 1650, அதே 75. 2022இல் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, 53 வாட். 2024இல் ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வடிவம், 70 வாட். பக்கத்துப் பேரரசில் ஆர்டிஎக்ஸ் 4090 தனியாளாக 450 வாட்டை விழுங்கிக்கொண்டிருந்த காலத்திலும் இந்தச் சிற்றரசு மரபு எல்லை தாண்டவில்லை. 2021இல் கிரிப்டோ நாணயம் தோண்டுவோர் பெரிய கார்டுகளை அள்ளிக்கொண்டு போனபோது, ஐந்து வயதான 1050 டிஐயையே என்விடியா மறுபடியும் கடைக்கு அனுப்ப நேர்ந்தது. இவ்வம்சத்தின் பெருமைக்கு வேறு சாசனம் வேண்டியதில்லை. ஆயினும் ஓர் எச்சரிக்கை: அதே 1050 டிஐயில் சில தயாரிப்பாளர்கள் ஆறு பின் குழியும் வைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டு வாங்காமல், கார்டைத் திருப்பிப் பார்த்து வாங்குவதே ஆய்வு நெறி. சின்னப் பெட்டிக்கு அரை உயரக் கார்டு வேண்டும். அதைப் பொருத்தும் குட்டைத் தகடும் வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது அந்தத் தகட்டைத்தான் முந்தைய உரிமையாளர் தொலைத்திருப்பார்.

பாடபேதச் சிக்கல் இத்துறையில் கடுமையானது. ஜிடி 1030 என்ற கார்டை எடுத்துக்கொள்வோம். 2017இல் வந்த மூலப் பிரதியில் ஜிடிடிஆர்5 நினைவகம்; நொடிக்கு 48 ஜிபி தரவு பாயும். அடுத்த ஆண்டே டிடிஆர்4 நினைவகத்தோடு இன்னொரு பிரதி வந்தது. அதில் பாய்வது நொடிக்கு ஏறக்குறைய 17 ஜிபி. இரண்டுக்கும் ஒரே பெயர். ஏட்டில் இப்படி நடந்தால் சுவடி படி எடுத்தவனைக் குறை சொல்லலாம். இங்கே ஆசிரியரே இரண்டு பாடத்தையும் எழுதி ஒரே தலைப்பில் விற்றிருக்கிறார். பெட்டியின் பொடி எழுத்தைப் படிக்காமல் மலிவானதைத் தூக்கி வந்த வீடுகளில் இன்றும் ‘கார்டு போட்டும் ஏன் திக்குது?’ என்ற வினா ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இடைச்செருகலும் உண்டு. பழைய ஜிடிஎஸ் 450 சில்லின் பயாஸை மாற்றி எழுதி, 1050 டிஐ என்று அதன் வாயாலேயே சொல்ல வைத்து விற்கும் கலை அது. விலை நம்ப முடியாத மலிவாக இருப்பதே முதல் அடையாளம். ஜிபியு-இசட் என்னும் இலவச மென்பொருள் 2018 முதல் இத்தகைய போலிகளைக் கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னால் ‘போலி’ என்று ஆங்கிலத்தில் எழுதியே காட்டுகிறது. நம் பதிப்பாசிரியர்களுக்கு இப்படியொரு கருவி கிடைத்திருந்தால் எத்தனை சண்டை மிச்சமாகியிருக்கும்!

கார்டு தேவையே இல்லை என்னும் மறுப்புப் பள்ளியையும் நேர்மையான ஆய்வாளர் புறக்கணிக்க இயலாது. அவர்கள் வாதம் வலுவானது. தனி கார்டு இல்லாத கணினி, படம் வரைய ராமில் ஒரு பகுதியைக் கடன் வாங்குகிறது. ஒற்றை ராம் குச்சிக்குப் பதில் ஒரே அளவில் ஜோடியாகப் போட்டால் பாதை இரண்டாகி, வேகம் கண்ணுக்குத் தெரியும்படியே கூடும். இன்னொன்று, வீட்டில் இருக்கும் பழைய மானிட்டர். 1366×768 திரையில் புள்ளிகள் சுமார் 10.5 லட்சம், 1920×1080 திரையில் 20.7 லட்சம். பழைய திரையை மாற்றாமல் வைத்திருக்கும் குடும்பம், கார்டின் வேலையில் பாதியைச் சத்தமில்லாமல் குறைத்துவிடுகிறது. மானிட்டர் மாற்றாததைக் கஞ்சத்தனம் என்று ஏசிய பிள்ளைகள் இப்பத்தியை இருமுறை படிக்கக் கடவர். ஆனால் அந்த மானிட்டரில் இருப்பது 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ முனை. 1050 டிஐ முதலாக என்விடியா கார்டுகளில் அந்த அனலாக் சிக்னலே வராது. ஆக, கார்டு வாங்கிய அன்று மாலையே எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர் தேடி மறுபடியும் கடைக்குப் போவது இச்சடங்கின் பிரிக்க முடியாத அங்கம்.

விண்ணப்ப இலக்கியம் தனி ஆய்வுக்குரியது. இங்கே தொட்டுக் காட்டுகிறோம். தொடக்கத்தில் ‘படிப்புக்குப்பா’ என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. அது தேய்ந்ததும் ‘வீடியோ எடிட்டிங்’ வந்தது. தற்போது நடப்பது ‘ஏ.ஐ. கத்துக்கணும்பா’ காலகட்டம். வாட்டும் ஜிபியும் எழுதிய விண்ணப்பங்களை எந்த அப்பாவும் முழுதாகப் படிப்பதில்லை. ‘சித்தப்பா வந்தா அவரும் ஆடலாம்’ என்ற ஒற்றை வரி பல நேரம் அனுமதி பெற்றுத் தந்திருக்கிறது. அப்பாவின் தம்பிக்கு அவ்வீட்டில் இருக்கும் செல்வாக்கைப் பொறுத்தது அது.

அடுத்து அரங்கேற்றம். பெட்டி திறக்கப்படுகிறது, பல ஆண்டுத் தூசி வெளிப்படுகிறது, பாட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போகிறார், கார்டு ‘டக்’ என்று அமர்கிறது. பிறகு மானிட்டர் கேபிளைக் கார்டில் சொருகாமல், வழக்கப்படி போர்டிலேயே இருக்கும் பழைய முனையில் சொருகிவிடுவார்கள். சில கணினிகளில் திரை இருண்டு பிழை உடனே தெரிந்துவிடும். வேறு சிலவற்றில் பழைய கிராபிக்ஸே வழக்கம்போலப் படம் காட்ட, புதுக் கார்டு விசிறியைச் சுற்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். இந்த இரண்டாம் வகை வீடுகளில்தான் ‘கலர் எவ்ளோ பளிச்சுன்னு இருக்கு பாரு’ என்ற ஒருமித்த கருத்து எட்டப்படுகிறது. மருத்துவ ஆய்வில் வெறும் மாத்திரை கொடுத்துப் பார்ப்பார்களே, அதற்கு இணையான கட்டுப்பாட்டுக் குழுவை நம் குடும்பங்கள் செலவு செய்து தாமே அமைத்துக்கொள்கின்றன.

கேபிள் இடம் மாறியதும் பயன் உண்மையிலேயே தெரிகிறது. ஜிடிஏ 5, அமைப்புகளைக் கொஞ்சம் இறக்கினால் 1050 டிஐயில் தாராளமாக ஓடும். மைன்கிராப்டில் அக்கா கட்டிய வீட்டைத் தம்பி இடிப்பது முன்னிலும் வழுவழுப்பாக நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்ததும் நிலைமை மாறும். அவர் கேட்பது 2006இல் வெளியான கிரிக்கெட் 07. ஒரே கீபோர்டில் இரண்டு பேர், ஒருவர் கை அம்புக்குறி விசைகளில், மற்றவர் கை இடப்பக்கம், சுற்றிலும் நடுவர்கள். கார்டே இல்லாத காலத்திலும் அந்தக் கணினியில் குறையின்றி ஓடிய விளையாட்டு அது. இதைக் கண்டு கார்டு வீண் என்று முடிவு கட்டுவது அவசரம். சித்தப்பா வந்தது கார்டைப் பார்க்கத்தானே.

ஆய்வின் அடுத்த கட்டம் தவிர்க்க முடியாதது. 1050 டிஐ தலைமுறைக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றது. அதே மாதம் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான ஆதரவும் முடிந்தது. நான்காம் தலைமுறை ஐ5ஐ விண்டோஸ் 11 முறைப்படி சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே 70 வாட் 3050ஐ வைத்து ஒப்பாய்வு நடத்த நிதி கோரி வீட்டில் மனு கொடுத்திருக்கிறோம். ‘கரன்ட் பில் எவ்ளோ ஏறும்?’ என்ற ஒரே குறிப்போடு அது திரும்பியது. தினம் மூன்று மணி நேரம் ஆடினால் இரண்டு மாத பில்லில் கார்டின் பங்கு 12.6 யூனிட் என்று கணக்குப் போட்டுச் சமர்ப்பித்தோம். இது கோடை. ஏ.சி. ஓடுகிறது. அந்த 12.6 சேர்ந்து மீட்டர் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே வேறு என்பதால், ரீடிங் எடுக்க ஆள் வந்துபோகும்வரை மனு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.