பெயர் சொல்லிக் கூப்பிடும் கல்லூரி

பினாங்கில் சட்டம் படிக்க ஆசையா? இருபது நாற்காலி போட்ட தனியார் கல்லூரியாகப் பார்த்துச் சேருங்கள். பெரிய பல்கலைக்கழகத்தில் நீங்கள் வெறும் மெட்ரிக் எண். இங்கே சாருக்கு உங்கள் பெயர் தெரியும், அப்பாவின் வேலை தெரியும், அக்காவுக்கு வரன் தள்ளிப்போவதும் தெரியும்.

பின்வரிசையே இல்லாததால் வகுப்பில் தூக்கமும் இல்லை. வயிற்றுவலி என்று மட்டம் போடவும் வழியில்லை. "ஏன் தம்பி, நேத்து ராத்திரி கர்னி டிரைவில் ரெண்டு கிண்ணம் லக்சா ஓடுச்சே?"

தைப்பூசத்தன்று தண்ணீர்மலையின் 513 படிகளில் ஏறினால், நடுவில் மூச்சு வாங்க நிற்பவர் நம் சார்தான். தலையில் பால்குடத்தோடு நிற்கும் உங்களிடம், இஞ்சி பீர் போத்தலில் நத்தை கிடந்த 1932-ஆம் ஆண்டு வழக்கின் தீர்ப்பைக் கேட்பார். பின்னால் வரும் காவடி காத்திருக்கட்டும். அடுத்தவர் மீதான அக்கறைதானே அந்தத் தீர்ப்பின் சாரம்!

இந்தப் பாசத்தை நீதிமன்றத்துக்கும் நீட்டலாம். தெரிந்த நீதிபதி, தெரிந்த சாட்சி, தெரிந்த திருடன். குறுக்கு விசாரணை எதற்கு, குசலம் விசாரித்தால் போதாதா? நிலுவை வழக்கெல்லாம் தீபாவளிக்குள் தீர்ந்துவிடும்.

மூன்று வருடம் இப்படிச் சீராட்டியபின் தேர்வு வரும். பட்டம் தருவது லண்டன் பல்கலைக்கழகம். 1858 முதல் வெளியூர்க்காரர்களுக்கும் தேர்வு வைத்துத் தருகிறது. விடைத்தாளும் அங்கேதான் போகும். திருத்துபவருக்கு நீங்கள் வெறும் எண். அதைத் தாண்டினால் வழக்கறிஞராவதற்கான சி.எல்.பி. தேர்வு: ஐந்து தாள், அங்கும் எண்தான்.

ஓர் அம்மா லண்டனுக்கு முறுக்கு அனுப்ப முகவரி கேட்டிருக்கிறார். சார் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.