மூச்சு விடட்டும், பொறு!

பழைய ஒயின் சேர்த்து வைத்திருக்கும் லண்டன் நண்பர் விருந்துக்கு அழைத்தால், கிளம்புமுன் ஒரு பிடி சாப்பிட்டுவிட்டுப் போவது உத்தமம். ஊரிலிருந்து நாம் வந்திருப்பதைக் கொண்டாடத்தான் விருந்து என்பார். போனதும் தெரிந்துவிடும், விருந்தாளி பாட்டில்தான்.

இந்த முறை 1982-ஆம் வருடத்துப் போர்தோ. வருடக்கணக்கில் படுத்துக் கிடந்ததை முதல் நாளே எழுப்பி நிறுத்தியிருப்பார், வண்டல் அடியில் தங்கவேண்டுமாம். "மேசையை இடிச்சுடாதடா, கலங்கிடும்" என்பதுதான் வரவேற்பு. திருகினால் கிழட்டுக் கார்க் பொடிந்துவிடும் என்று, இரண்டு தகடுள்ள திறப்பானைப் பக்கவாட்டில் நுழைத்து ஆட்டி ஆட்டி உருவுவார். பிறகு பாட்டிலின் கழுத்துக்குக் கீழே மெழுகுவத்தி ஏற்றி, வண்டல் எட்டிப் பார்க்கும்வரை டிகாண்டரில் சாய்ப்பார்.

சரி, முடிந்தது என்று நாம் கையை நீட்டினால், "பொறுடா, மூச்சு விடட்டும்!"

அது மூச்சு விடும். நமக்கு மூச்சு முட்டும். அந்த இடைவெளியில், 1855-இல் பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் போர்தோ ஒயின்களைத் தரம் பிரிக்கச் சொன்ன கதை வரும். இரண்டாம் தரத்தில் கிடந்த மூத்தோன் ரோத்ஷில்ட், முதல் தரத்துக்கு ஏற 1973 வரை காத்திருந்ததாம். "அது 118 வருஷம் பொறுத்துச்சு. உனக்கு ஒரு மணி நேரம் ஆகாதா?"

உள்ளே அவர் மனைவி ஆட்டுக்கறியை மறுபடி சூடு பண்ணுகிறார். "நீங்க சாப்பிடுங்கண்ணே, அவர் கிடக்கிறார்." அவருக்குப் பழகிவிட்டது.

ஒருவழியாக ஊற்றுவார். கோப்பையைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, முகம் தொங்கிப்போகும். "அரை மணிக்கு முன்னாடி பிரமாதமா இருந்திருக்கும்." ரொம்பப் பழைய ஒயினைக் காற்றில் அதிக நேரம் வைத்தால் மணம் ஓடிவிடும் என்று போன தடவை எனக்குப் பாடம் எடுத்ததே இவர்தான்!

ஆனால் கஞ்சன் இல்லை. தெளிந்ததெல்லாம் நமக்கு; மண்டி கலந்த கடைசி மடக்கு அவருக்கு. அதையும் கண்ணை மூடி ரசிப்பார். அந்த நேரத்தில் அவர்மேல் கோபப்பட முடியாது.

கோபம் நிலவறையைப் பார்த்தால் திரும்பி வரும். 2005 "இன்னும் பச்சை", 2010 "தொடவே கூடாது", 1996-க்கு "நல்ல சந்தர்ப்பம் வரட்டும்". நான் வந்தது நல்ல சந்தர்ப்பம் இல்லையா?

கேட்கவில்லை. பதிலுக்கு ஃபோர்ப்ஸ் குடும்பத்தின் கதையைச் சொன்னேன். 1787-ஆம் வருடத்து லாஃபீட் என்று 1985-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1,05,000 பவுண்டு கொடுத்து ஒரு பாட்டில் வாங்கிக் காட்சிக்கு வைத்தார்கள். விளக்குச் சூட்டில் கார்க் சுருங்கி உள்ளேயே விழுந்தது. யாருக்கும் ஒரு வாய் கிடைக்கவில்லை.

நண்பர் நிலவறையின் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டினார். "அதுக்குத்தான்டா சொல்றேன். வெளியே எடுக்கவே கூடாது."